ராக் இதழ்த் திட்டம்: பக்கம் கட்ட ஃபோட்டோஷாப்பா, இன்டிசைனா, கேன்வாவா?

ஊடகப் படிப்பில் ராக் இசை இதழ் வடிவமைக்கச் சொன்னால் பெரும்பாலும் கேட்பது மூன்றைத்தான்: ஓர் அட்டை, ஒரு பொருளடக்கப் பக்கம், இரட்டைப் பக்கத்தில் ஒரு சிறப்புக் கட்டுரை. பக்கங்களை எந்த மென்பொருளில் கட்டுவது என்ற கேள்வி முதல் வாரத்திலேயே வந்துவிடும். என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்துக்குப் படத்திருத்த மென்பொருளான ஃபோட்டோஷாப், பக்கத்துக்குப் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன். காரணம் ஒன்றுதான்: திருத்தம்.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று கடந்துவிடலாம். ஆயத்த டெம்ப்ளேட்டுகளோடு இணையத்தில் இயங்கும் கேன்வாவை ஒரு மதியத்தில் பழகிவிடலாம். ஃபோட்டோஷாப் பலருக்கு ஏற்கெனவே கை வந்திருக்கும். இன்டிசைன் முதல் சில நாட்கள் எரிச்சலூட்டும். ஒரு படத்தை நகர்த்தப் போனால் அதைத் தாங்கும் சட்டம் அங்கேயே நிற்கும், உள்ளே படம் மட்டும் நகரும். முதல் வரைவை அச்செடுத்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதில் செய்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் தேர்வு தவறிப்போகிறது. முதல் வரைவை மட்டும் வைத்து முடிவெடுத்துவிடுகிறார்கள். மாணவர் திட்டத்தில் மதிப்பெண் வரைவுக்கு வரைவு மாறும் வளர்ச்சிக்கும் சேர்த்துத்தான். மூன்றாவது வரைவில் என்ன பாடுபடப் போகிறோம் என்பதை வைத்துத்தான் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரட்டைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஏ4 பக்கம், நான்கு புறமும் 15 மி.மீ. ஓரம், பக்கத்துக்கு மூன்று பத்திகள் (நெடுக்குப் பிரிவுகள்), பத்திகளுக்கு நடுவே 5 மி.மீ. இடைவெளி. ஒரு பத்தியின் அகலம் 57 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். கட்டுரை எழுத்து 9 பாயின்ட், வரி இடைவெளி 12 பாயின்ட் என்றால் முழு உயரப் பத்தியில் 63 வரிகள் அடங்கும். ஆங்கிலக் கட்டுரையானால் வரிக்குச் சராசரியாக ஆறு சொல் பிடிக்கும், பத்திக்கு 370, 380 சொல். ஆயிரம் சொல் பேட்டிக்கு ஆறு பத்தியில் மூன்று போதாதா என்றால் போதும். மீதி மூன்றில் பெரிய படம், தலைப்பு, முன்னுரை, எடுப்பு மேற்கோள் (பேட்டியிலிருந்து எடுத்துப் பெரிதாகப் போடும் வரி) எல்லாம் உட்காரும்.

இதை ஃபோட்டோஷாப்பில் செய்தால் ஒவ்வொரு பத்தியும் தனி எழுத்து லேயர் (அடுக்கு). ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. முதல் பத்தி நிரம்பியதும் மிச்சத்தை வெட்டி இரண்டாவதில் ஒட்ட வேண்டும், அது நிரம்பியதும் மூன்றாவதில். ஆசிரியர் புரூஃபைப் பார்த்துவிட்டு ‘இரண்டாவது கேள்வியே வேண்டாம், எடுத்துவிடு’ என்கிறார். முதல் பத்தியில் எட்டு வரி காலியாகும். அடுத்ததிலிருந்து எட்டு வரியை மேலே கொண்டுவர வேண்டும், அதன் குழியை மூன்றாவதிலிருந்து நிரப்ப வேண்டும். இந்த வெட்டி ஒட்டலில்தான் ஒரு வரி இரண்டு முறை வருவதும், ஒரு வாக்கியம் பாதியில் நிற்பதும் நடக்கிறது. ஃபோட்டோஷாப்பிலும் சிஎஸ்6 பதிப்பு முதல் பேராகிராஃப் ஸ்டைல் (பாராவின் எழுத்து அமைப்பை ஒரு பெயரில் சேமிக்கும் வசதி) உண்டு, தேடி மாற்றும் வசதியும் உண்டு. ஆனால் ஒரு பெட்டியில் கொள்ளாத எழுத்து தானாக அடுத்த பெட்டிக்கு ஓடும் வசதி இல்லை. அது ஒன்று இல்லாததே போதும்.

இன்டிசைனில் பெட்டியின் வலது கீழ் மூலையில் சிறு சதுரம் ஒன்று இருக்கும். எழுத்து கொள்ளாமல் போனால் அதில் சிவப்புக் கூட்டல் குறி தெரியும். அதைக் கிளிக் செய்து அடுத்த பெட்டியில் கிளிக் செய்தால் இரண்டும் கோத்துக்கொள்ளும். எட்டு வரியை நீக்கினால் பின்னால் இருப்பவை தாமாகவே முன்னே வரும். எடுப்பு மேற்கோளைச் சுற்றி டெக்ஸ்ட் ராப் போட்டிருந்தால், அந்தப் பெட்டியைப் பெரிதாக்கினாலும் இடம் மாற்றினாலும் வரிகள் விலகி வழிவிடும். ஃபோட்டோஷாப்பில் அதே வேலைக்கு எழுத்துப் பெட்டியின் உருவத்தையே மாற்றிப் போட வேண்டும், அல்லது வரிக்கு வரி என்டர் தட்ட வேண்டும். அந்த என்டர்கள் அடுத்த திருத்தத்தில் பத்தி நடுவே பல் விழுந்த மாதிரி நிற்கும்.

ஸ்டைல்களை முதல் நாளே போட்டுவிட வேண்டும். பேட்டிக்குக் குறைந்தது நான்கு: முன்னுரை, கேள்வி, பதில், படக்குறிப்பு. கேள்வி தடித்த எழுத்தில், இதழின் முதன்மை நிறத்தில். முதல் பாராவுக்கு மூன்று வரி உயரப் பெரிய முதலெழுத்து (டிராப் கேப்) உள்ள தனி ஸ்டைல். பிறகு பதில் எழுத்தை 9லிருந்து 8.5க்குக் குறைக்க ஓர் இடத்தில் மாற்றினால் போதும். வேர்டு கோப்பை உள்ளே இழுக்கும்போது இம்போர்ட் ஆப்ஷன்ஸைத் திறந்து வேர்டின் ஸ்டைலை நீக்கச் சொல்லுங்கள். கூடவே, கையால் போட்ட தனி மாற்றங்களான லோக்கல் ஓவர்ரைடைப் பாதுகாக்கும் பெட்டியையும் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஆல்பம் பெயர்களுக்குப் போட்ட சாய்வெழுத்து எல்லாம் காணாமல் போகும். இசை இதழில் அதைத் திரும்பப் போடுவது பெரிய வேலை.

வரிகள் உட்கார வேண்டிய வழிகாட்டிக் கோடுகளான பேஸ்லைன் கிரிட்டையும் விடாதீர்கள். பக்கத்துப் பக்கத்துப் பத்திகளின் வரிகள் ஒரே மட்டத்தில் நிற்பதுதான் தொழில்முறை இதழின் முதல் அடையாளம். கிரிட் 12 பாயின்ட் என்றால் வரி இடைவெளியும் 12ஆகவே இருக்கட்டும். 12.5 வைத்தால் ஒவ்வொரு வரியும் அடுத்த கோட்டுக்குத் தாவும். பத்தி இரட்டை இடைவெளியில் விரிந்துபோகும், மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

அச்சில் எழுத்து எப்படி விழும் என்பதிலும் வித்தியாசம் உண்டு. 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 9 பாயின்ட் எழுத்துக்கு மொத்தமே 37, 38 பிக்சல்தான் கிடைக்கும். ஃபோட்டோஷாப்பிலிருந்து ஜேபெக்காக எடுத்தால் அந்த எழுத்து படமாகிவிடும், விளிம்பு மங்கும். லேயர்களோடு பிடிஎஃப் ஆகச் சேமித்தால் எழுத்து வெக்டராகவே, அதாவது பெரிதாக்கினாலும் மங்காத வடிவமாகவே, இருக்கும். இது தெரிந்தவர் செய்தால் குறையில்லை. திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் போட்ட கறுப்பு, அச்சுக்கான நான்கு மை முறையான சிஎம்ஒய்கே ஆகும்போது நான்கு மையிலும் பிரிந்துவிடும் என்பது அடுத்த சிக்கல். நான்கில் ஒன்று இம்மி நகர்ந்தாலும் சின்ன எழுத்து இரட்டையாகத் தெரியும். இன்டிசைனின் பிளாக் ஸ்வாட்ச் (ஆயத்தக் கறுப்பு நிறம்) கறுப்பு மை ஒன்றில் மட்டுமே விழும். ராக் இதழில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து தவிர்க்க முடியாதது. அங்கே மெல்லிய செரிஃப் (கோட்டு முனையில் சிறு வால் உள்ள எழுத்து) வேண்டாம். நடுத்தரத் தடிமனுள்ள, வாலில்லாத சான்ஸ், 9 பாயின்டுக்குக் குறையாமல். மை பரவி மெல்லிய கோடுகளை அடைத்துவிடும்.

அட்டையில் ஃபோட்டோஷாப்பை மிஞ்ச எதுவும் இல்லை. கலைந்த முடியோடு நிற்கும் கிதார் கலைஞரைப் பின்னணியிலிருந்து பிரிக்க, செலக்ட் சப்ஜெக்டில் தொடங்கி செலக்ட் அண்ட் மாஸ்க்கில் முடி ஓரங்களைச் சரிசெய்து, படத்தை அழிக்காமல் மறைக்கும் லேயர் மாஸ்க்காக எடுக்க வேண்டும். அழிப்பான் கூடாது, மாஸ்க் என்றால் நாளைக்குத் திருத்தலாம். மேடை விளக்கில் எடுத்த படங்களில் சிவப்பும் நீலமும் தத்தம் நிறச் சேனலில் எரிந்து போயிருக்கும், சிஎம்ஒய்கேயில் சேறாகும். அத்தகைய படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி அதன்மேல் ஒரே ஒரு அழுத்தமான நிறத்தை வைப்பது பழைய வழி, இன்றும் எடுபடும்.

அட்டையையும் இன்டிசைனில்தான் முடிக்கச் சொல்வேன். ராக் இதழின் அட்டையில் கலைஞரின் தலை மாஸ்ட்ஹெட்டின் (அட்டையில் உள்ள இதழ்ப் பெயரின்) மேல் கொஞ்சம் ஏறி மறைப்பது வழக்கம். அதற்கு ஒரே பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) கோப்பு போதும். கீழ் லேயரில் முழுப் படம், மேல் லேயரில் பிரித்தெடுத்த உருவம். இன்டிசைனில் அதை வைத்து, நகலெடுத்து, பேஸ்ட் இன் ப்ளேஸ் கொடுத்தால் இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். மேல் நகலில் ஆப்ஜெக்ட் லேயர் ஆப்ஷன்ஸைத் திறந்து கீழ் லேயரின் கண்ணை மூடுங்கள். இரண்டுக்கும் நடுவே மாஸ்ட்ஹெட்டைச் செருகுங்கள். நாளைக்கு முகத்தின் ஒளியை மாற்றி பிஎஸ்டியைச் சேமித்து, லிங்க்ஸ் பேனலில் அப்டேட் கொடுத்தால் இரண்டு நகலும் சேர்ந்தே மாறும். மாஸ்ட்ஹெட்டும் கவர்லைன்களும் (அட்டைத் தலைப்புகளும்) கூர்மை குறையாத எழுத்தாகவே இருக்கும்.

‘ராக் என்றாலே கலைந்த தோற்றம்தானே, கட்டம் எதற்கு?’ என்று கேட்பவர்கள் 1992இல் தொடங்கிய ரே கன் இதழைக் காட்டுவார்கள். அதன் வடிவமைப்பாளர் டேவிட் கார்சன் அதில் பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி ஒன்றை முழுக்க, எழுத்துக்குப் பதில் சின்னங்களே உள்ள ஸாப்ஃப் டிங்பாட்ஸ் குறிகளிலேயே அச்சிட்டார் என்பது உண்மை. படிக்கக்கூடிய வடிவம் அதே இதழின் பின்பக்கத்தில் வந்தது. அந்தத் துணிச்சல் எனக்கும் பிடிக்கும். ஆனால் திட்டத்தில் நீங்கள் வாசகர் யார் என்று எழுதிக் கொடுத்து, அவருக்கேற்ற மரபுகளைக் கையாண்டிருக்கிறீர்களா என்று பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். 1981இல் வந்த கெர்ராங்! இதழின் வழியில் போனால் உடைந்த எழுத்து, நெருக்கமான சிறு படங்கள், ஆச்சரியக்குறிகள். 1993இல் வந்த மோஜோ இதழின் வழியில் போனால் நீண்ட கட்டுரை, அமைதியான பக்கம். இரண்டிலும் எழுத்து நிறைய உண்டு. கீறல், கறை போன்றவற்றை கிரேஸ்கேல் படமாக ஃபோட்டோஷாப்பில் செய்து, இன்டிசைனில் மேலே வைத்து மல்டிப்ளை அல்லது ஸ்கிரீன் என்ற கலப்பு முறையைக் கொடுத்தால் போதும். கீழே கட்டம் ஒழுங்காக இருந்தால்தான் மேலே போடும் அலங்கோலம் எடுபடும்.

கேன்வாவுக்கு ஓர் இடம் உண்டு. நாலு பேர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் வேலை செய்ய அதுதான் எளிது. இன்டிசைன் கோப்பை ஒருவர் திறந்திருந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான். இதழின் நிறத்தட்டு, மாதிரி அட்டைகள், வாசகர் விவரப் பலகை ஆகியவற்றைக் கேன்வாவில் செய்யலாம். இறுதிப் பக்கங்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. டெம்ப்ளேட்டின் சாயல் தெரிந்துவிட்டால் வடிவமைப்பு உங்களுடையது என்று நிறுவுவது கடினம். அடோபி கிடைக்காத இடத்தில் ஸ்க்ரைபஸ், அஃபினிட்டி (முன்பு அஃபினிட்டி பப்ளிஷர்) இரண்டிலும் எழுத்துப் பெட்டிகளைக் கோக்கலாம், ஸ்டைல் போடலாம். என் வாதத்தின் மையம் அவற்றுக்கும் பொருந்தும். ஃபோட்டோஷாப்பில் பக்கம் கட்டுவதைவிட ஸ்க்ரைபஸில் கட்டுவது மேல்.

இன்டிசைன் காலைவாரும் இடங்களும் உண்டு. படங்கள் கோப்புக்குள் இருப்பதில்லை, வெளியிலிருந்து இணைக்கப்பட்டிருக்கும். பென் டிரைவில் இன்டிசைன் கோப்பை மட்டும் எடுத்துப் போனால் லிங்க்ஸ் பேனலில் சிவப்புக் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும், அச்சில் மங்கலான முன்னோட்டப் படம்தான் விழும். பேக்கேஜ் கட்டளை கொடுத்து, படங்களும் சேர்ந்த முழு ஃபோல்டராக எடுத்துப் போங்கள். ஆய்வகத்தில் பழைய பதிப்பு இருந்தால், அதிலும் திறக்கக்கூடிய ஐடிஎம்எல் நகலும் வேண்டும். அதே லிங்க்ஸ் பேனலில் எஃபெக்டிவ் பிபிஐ (பக்கத்தில் வைத்த அளவில் கிடைக்கும் பிபிஐ) தெரியும், அதை ஒவ்வொரு படத்துக்கும் பாருங்கள். 12 மெகாபிக்சல் ஃபோன் படம் (4032 × 3024) இரட்டைப் பக்கம் முழுக்க, 3 மி.மீ. ப்ளீடோடு (வெட்டும் கோட்டுக்கு வெளியே விடும் கூடுதல் பரப்போடு) விரிந்தால் 240 பிபிஐ நிற்கும், தாராளமாகப் போதும். அதே படம் வாட்ஸப் வழியாக 1,600 பிக்சலாகச் சுருங்கி வந்திருந்தால் 95தான். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

பக்க எண்ணிலும் கவனம் வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் கொண்ட ஃபேசிங் பேஜஸ் கோப்பில் முதல் பக்கம் தனியாக வலப்புறம் நிற்கும், அதனால் இரட்டைப் பக்கம் இரட்டை எண்ணில்தான் தொடங்க முடியும். நம்பரிங் அண்ட் செக்‌ஷன் ஆப்ஷன்ஸில் தொடக்க எண்ணை 34 என்று வைத்தால் 34–35 சேர்ந்து நிற்கும். பொருளடக்கத்திலும் அதே எண் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மதிப்பிடுபவர் கண்ணில் இது உடனே படும். நடு மடிப்பிலிருந்து இருபுறமும் 8 முதல் 10 மி.மீ.க்குள் முகமோ தலைப்பின் எழுத்தோ விழக்கூடாது.

இதழைத் தமிழில் கொண்டுவந்தால் இன்னொரு வேலை உண்டு. இன்டிசைனின் வழக்கமான கம்போசரில் (எழுத்துகளை வரியாக அடுக்கும் முறையில்) ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கும். பேராகிராஃப் ஸ்டைலின் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் வேர்ல்டு-ரெடி பேராகிராஃப் கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் டைப் பிரெஃபரன்ஸில் வேர்ல்டு-ரெடி லேஅவுட் வேண்டும். யூனிகோடு ஃபான்ட்டில் மட்டும் வேலை செய்யுங்கள்.

முடிவில் இரண்டு பிடிஎஃப் எடுங்கள். திரையில் பார்த்து மதிப்பிடுவோருக்கு ஸ்ப்ரெட்ஸாக (இரட்டைப் பக்கங்களாக), ப்ளீட் இல்லாமல். அச்சகத்துக்குத் தனித்தனிப் பக்கமாக, 3 மி.மீ. ப்ளீடோடு, அச்சுக்கான பிடிஎஃப்/எக்ஸ்-4 அமைப்பில். உங்கள் திட்டத்தில் கட்டுரையே இல்லை, அட்டை மட்டும்தான் என்றால் மேலே சொன்ன திருத்தச் சுமை எதுவும் வராது. அப்போது ஃபோட்டோஷாப்பிலேயே முடித்துவிடுங்கள், இன்டிசைன் கற்கும் நாட்களைப் படம் எடுப்பதில் செலவிடுவது லாபம்.