ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஹோம்ஸ்கூலிங் பாடத்திட்டம் வாங்கப் போகிறீர்களா? எங்கள் 46,500 ரூபாய் போனதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

பாடத்திட்டத்தை எங்களுக்கு விற்ற நிறுவனத்திடமிருந்து இன்று காலை கடைசி மின்னஞ்சல் வந்துவிட்டது. பணம் திருப்பித் தர முடியாதாம். லெவலும் மாற்றித் தர முடியாதாம். 46,500 ரூபாய். ஆத்திரம் அடங்கிய பிறகு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருப்பதால் இப்போதைக்குப் பொதுவில் பெயர் வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். எப்படிப்பட்ட இடம் என்று மட்டும் சொல்கிறேன். ஆன்லைனில் ஹோம்ஸ்கூலிங் பாடத்திட்டம் விற்பவர்கள். ஒரு வருடத்துக்கான புத்தகங்கள், ஒர்க்ஷீட்கள், மணிச்சட்டம், எழுத்து அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். கூடவே வீடியோ பாடங்களுக்கு ஒரு லாகின். இன்ஸ்டாகிராமில் குழந்தைகள் மரத்தடியில் உட்கார்ந்து படிப்பது போல விளம்பரம் வரும். உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள்.

என் கணவருக்குக் காற்றாலைப் பராமரிப்பு வேலை. இப்போது உடுமலைப்பேட்டையில் இருக்கிறோம். இதற்கு முன் கயத்தாறு, அடுத்த வருடம் குஜராத்தாகவும் இருக்கலாம். வருடத்துக்கு ஒரு பள்ளி என்று பையனை அலைக்கழிக்க வேண்டாம், இரண்டு மூன்று வருடம் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். அவனுக்கு ஆறு வயது. யுகேஜி முடித்திருந்தான். இந்தப் பெட்டியில் முதல் லெவல் எடுப்பதா, இரண்டாம் லெவலா என்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே கேள்வி. அதற்குத்தான் அவர்களே இலவசமாக 'லெவல் அசெஸ்மென்ட்' செய்து தருகிறோம் என்றார்கள்.

வீடியோ காலில் ஒரு பெண் வந்தார். 'அகாடமிக் கவுன்சிலர்' என்று அறிமுகம் செய்துகொண்டார். நல்ல தமிழ், அவ்வளவு பொறுமை. பையனிடம் "கண்ணா, உனக்கு என்ன வண்டி பிடிக்கும்?" என்று கேட்டு ஆரம்பித்தார். அவன் காற்றாடி இறக்கை ஏற்றி வரும் நீள லாரியைப் பற்றிச் சொல்லச் சொல்ல, நிஜமாகவே ஆர்வமாகக் கேட்டார். அதில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. பிள்ளையிடம் இப்படிப் பேசத் தெரிந்தவர் பிள்ளையைப் பற்றிப் பொய் சொல்வார் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்?

திரையில் ஒரு ஆங்கிலக் கதையைக் காட்டினார். அவன் கடகடவென்று வாசித்தான். ஒன்றிலிருந்து நூறு வரை சொல்லச் சொன்னார், சொன்னான். கணக்கில் அவ்வளவுதான். பென்சிலைப் பிடிக்கச் சொல்லவில்லை, ஒரு வரி எழுதச் சொல்லவில்லை, இரண்டு எண்களைக் கூட்டச் சொல்லவில்லை, தமிழைத் தொடவே இல்லை. கால் முடிவதற்குள் கலர் கலராகப் பட்டைகள் போட்ட ஒரு ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. கணக்கு, வாசிப்பு, எழுத்து, சிந்தனைத் திறன் எல்லாமே 'வயதுக்கு மேல்'. சோதிக்காத எழுத்துக்குக்கூடப் பச்சைப் பட்டை!

"மேடம், பையன் ஒன்றாம் வகுப்பு லெவலைத் தாண்டிட்டான். இவனை முதல் லெவல்ல போட்டா போரடிச்சு படிப்பு மேலயே வெறுப்பு வந்துடும். ரெண்டாம் லெவல் எடுத்துக்கோங்க. அடுத்த வருஷம் நேரா மூணாம் வகுப்புக்கே போயிடலாம், எங்க சர்ட்டிஃபிகேட் இருக்கு" என்றார். முதல் லெவல் 31,000 ரூபாய், இரண்டாம் லெவல் 46,500. "சரியா வரலைன்னா?" என்று கேட்டேன். "லெவல் மாத்திக்கலாம் மேடம், நான் இருக்கேன்ல, எனக்கே கால் பண்ணுங்க" என்றார். இந்த விலை அன்று இரவு வரைதான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். வட்டியில்லா இஎம்ஐ, பத்து மாதம், மாதம் 4,650. கணவர் பெயரில் ஓடிபி வந்தது, கட்டினோம்.

பெட்டி வந்தது. கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமே இரண்டு இலக்கக் கூட்டல். 47-ம் 38-ம் கூட்டி, மேலே 1 கொண்டுபோக வேண்டும். பையன் நூறு வரை பாட்டு மாதிரி சொல்வான், அவ்வளவுதான். 7-ம் 5-ம் எவ்வளவு என்றால் ஒன்றிலிருந்து விரல் விட்டு எண்ணுவான். 34 என்பதில் மூன்று பத்தும் நான்கு ஒன்றும் இருக்கின்றன என்பது அவனுக்குத் தெரியாது. ஆறு வயதில் தெரிந்திருக்கவும் தேவையில்லை, அதைச் சொல்லிக்கொடுப்பதற்குத்தானே ஒன்றாம் வகுப்பு! ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வாசித்துவிட்டு மூன்று நான்கு முழு வாக்கியங்களில் பதில் எழுத வேண்டும். அவன் விரலுக்கு ஒரு வரி எழுதுவதற்குள்ளேயே வலி வந்துவிடுகிறது.

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தோம். அப்புறம் புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்க ஆரம்பித்தான். ஒரு நாள் "அம்மா, எனக்கு மண்டை வேலை செய்யல" என்றான். காற்றாடிக்கு ஏன் மூன்று இறக்கை என்று அப்பாவைக் கேள்வி கேட்டுத் துளைக்கும் பிள்ளை அப்படிச் சொன்னான். 46,500 ரூபாய் பெரிய பணம்தான், எங்களுக்கு மிகப் பெரிய பணம். ஆனால் இந்த வார்த்தையை அவன் வாயில் வர வைத்தார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தக் கவுன்சிலருக்கே போன் செய்தேன். "எனக்கே கால் பண்ணுங்க" என்றவர், "நான் சேல்ஸ் டீம் மேடம், லெவல் எல்லாம் அகாடமிக் டீம்தான் பார்ப்பாங்க" என்றார். அசெஸ்மென்ட் செய்தபோது இவர் அகாடமிக், பணம் வாங்கிய பிறகு சேல்ஸ்! அகாடமிக் டீமுக்கு போன் நம்பரே கிடையாது, புகார் டிக்கெட்தான் போட வேண்டும். போட்டேன். "குழந்தை அட்ஜஸ்ட் ஆக நேரம் கொடுங்கள்" என்று பதில் வந்து டிக்கெட் மூடப்பட்டது. மறுபடி போட்டேன். பெட்டியின் சீல் உடைந்துவிட்டதால் மாற்ற முடியாதாம். சீலை உடைக்காமல் உள்ளே என்ன பாடம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? வீடியோ லாகினையாவது முதல் லெவலுக்கு மாற்றித் தாருங்கள், அதற்கு சீல் கிடையாதே என்றேன். லெவல் மாற்றக் கொடுக்கும் அவகாசம் பணம் கட்டிய தேதியிலிருந்து ஏழு நாளாம். லாகின் எங்கள் கைக்கு வரும்போதே அந்த ஏழு நாள் தாண்டிவிட்டது. செருப்புக் கடையில்கூட காலில் போட்டு நாலடி நடந்து பார்க்கச் சொல்கிறார்கள்.

அந்த முதல் காலின் பதிவைக் கேட்டேன். "தரத்துக்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று ஆரம்பத்தில் அவர்களேதான் சொன்னார்கள். இப்போது அது 'உள் உபயோகத்துக்கு மட்டும்' ஆகிவிட்டது. கடைசியாக மேலாளர் என்று ஒருவர் பேசினார். பெரிய மனது பண்ணி ஒரு வழி சொன்னார்: முதல் லெவலை இருபது சதவீதத் தள்ளுபடியில் புதிதாக வாங்கிக்கொள்ளலாமாம்! அதாவது 46,500 போக இன்னும் 24,800 கட்ட வேண்டும். போனை வைத்துவிட்டேன்.

இஎம்ஐயை நிறுத்தலாம் என்றால் அது வேறு கம்பெனியின் கடன். "எங்களுக்கும் அவங்க பொருளுக்கும் சம்பந்தம் இல்ல சார்" என்று கணவரிடம் சொல்கிறார்கள். இப்படிக் கடனிலும் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டிலும் பெற்றோர் மாட்டிக்கொள்ளாமல் கவனமாக இருக்க வேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் அறிவுரை வெளியிட்டிருக்கிறது. எங்களுக்கு அதைச் சொல்ல அன்று யாரும் இல்லை.

அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி டீச்சர் ஒருவர் இருக்கிறார். மனசு கேட்காமல் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கிண்ணம் புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் கொட்டினார். "எட்டு குடு சாமி" என்றார். கொடுத்தான். "பன்னெண்டு ஆக்கணும், இன்னும் எத்தனை வேணும்?" மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினான். பத்து பத்தாகக் குவிக்கச் சொன்னார், தடுமாறினான். ஆங்கிலத்தில் அவன் பார்த்தே இராத நாலைந்து சின்ன வார்த்தைகளை எழுதிக் காட்டினார், இரண்டைச் சேர்த்து வாசித்தான், மற்றதில் நின்றுவிட்டான். தெரிந்த கதையை அவன் மனப்பாடமாகத்தான் வாசிக்கிறான் என்பது அங்கே புரிந்தது. ஒரு வரி எழுதச் சொல்லி, பென்சில் பிடிக்கும் விதத்தைப் பார்த்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "கணக்குக்கு ஒன்னாப்பு ஆரம்பத்துல இருந்து போகணும்மா. வாசிப்புக்கு ஒன்னாப்பு நடுவுல. எழுத்துக்கு இன்னும் யுகேஜிதான். தமிழ் தனியாப் பாக்கணும்" என்றார். நாலுக்கும் நாலு இடம். பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்களாம். அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகளையே அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தானே சொல்லிக்கொடுக்கிறோம் என்றார்.

ஒரு பைசா வாங்காத டீச்சருக்குத் தெரிந்தது, 46,500 ரூபாய் வாங்கியவர்களுக்குத் தெரியாதா? தெரியும். முதல் லெவல் என்று உண்மையைச் சொன்னால் 15,500 குறைவாக வரும், அவ்வளவுதான் விஷயம்.

இதற்கு அப்புறம்தான் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் ஒன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இறக்கிப் பார்த்தேன். முதலில் 9 வரை, பிறகு 20 வரை, அதற்குள் கூட்டல் கழித்தல். 21 முதல் 99 வரையிலான எண்கள் எட்டாவது பாடத்தில்தான் வருகின்றன. கணக்குக்கு 'சிங்கப்பூர் முறை' என்று இவர்கள் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்களே, அந்த முறையிலும் ஒன்றாம் வகுப்பின் முதல் பகுதி பத்துக்குள்தான் சுற்றிச் சுற்றி வரும். பத்தை 6-ம் 4-மாக, 7-ம் 3-மாகப் பிரித்துச் சேர்க்கக் கை பழகிய பிறகுதான் மேலே போவார்கள். அந்த ஒரு வருடத்தையே தாண்டச் சொல்லிவிட்டு சிங்கப்பூர் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள்.

'நேரா மூணாம் வகுப்பு' சர்ட்டிஃபிகேட்டும் வெறும் பேச்சுதான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஆறு வயதுக்கு மேல் பள்ளிக்கு வராமல் இருந்த பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்ப்பார்கள். இவர்கள் தரும் காகிதத்தை வைத்து ஒரு வருடம் தாண்டிவிட முடியாது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

விற்பவர் செய்யும் அசெஸ்மென்டை நம்பாதீர்கள். இரண்டாம் லெவல் வேண்டுமா என்று பார்க்க, முதல் லெவல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைக் கேட்டு வாங்கி, நீங்கள் பக்கத்தில் இருந்து எடுத்துக்கொடுக்காமல் பிள்ளையே செய்கிறதா என்று பாருங்கள். கடைசிப் பக்கங்களைக் காட்ட மறுத்தால் அங்கே வாங்கவே வேண்டாம். வெளிநாட்டுப் பதிப்பகங்கள் சில தங்கள் லெவல் தேர்வுத்தாளைத் தளத்திலேயே இலவசமாக வைத்திருக்கின்றன.

எல்லாப் பாடத்துக்கும் ஒரே லெவல் என்று பெட்டியாக வாங்காதீர்கள். என்சிஇஆர்டி புத்தகமும் தமிழ்நாடு பாடநூலும் இணையத்தில் இலவசம். ஒரு மாதம் அதை வைத்து ஓட்டிப் பார்த்தாலே பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

"மாத்திக்கலாம் மேடம்" என்றால் அதை மின்னஞ்சலில் வாங்குங்கள், எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் என்பதோடு. இஎம்ஐக்கு ஓடிபி சொல்லவே சொல்லாதீர்கள். 'இன்று இரவு வரைதான்' என்றாலே போனை வையுங்கள்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். 2020 மின்வணிக விதிகளின்படி, விற்கும் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எங்களுக்கு இரண்டும் நடக்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. அதற்கான காகிதங்களைத்தான் இப்போது எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பச்சைப் பட்டை ரிப்போர்ட்தான் முதல் காகிதம்.

பையன் இப்போது தினமும் சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போகிறான். அடுத்த தவணை 4,650 ரூபாய் ஐந்தாம் தேதி கணவர் கணக்கிலிருந்து போய்விடும். படிப்புக்காக எடுத்த இந்த மாதிரிக் கடனை நடுவில் நிறுத்த முடிந்தவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று தயவுசெய்து இன்றைக்கே சொல்லுங்கள்.