பழைய பைக்கின் முன் ஃபோர்க்: செப்பனிடுவதா, மாற்றுவதா?

பழைய பைக்கை உருமாற்றும் பலரும் ஸ்போர்ட்ஸ் பைக்கின் தலைகீழ் ஃபோர்க்கை (தடித்த குழாய் மேலேயும் மெல்லிய குழாய் கீழேயும் அமைந்த முன் சஸ்பென்ஷன்) விரும்புகிறார்கள். அதன் மிடுக்கு அப்படி. பலமும் உண்மையானது: தடித்த மேற்குழாய் பிரேக் பிடிக்கும்போது எளிதில் வளையாது, இரட்டை டிஸ்க்கும் பெரும்பாலும் கூடவே வரும்.

ஆனால் ஸ்டீயரிங் தண்டின் நீளமும் பேரிங் அளவும் சட்டத்தோடு பொருந்த வேண்டும். சக்கரமும் அச்சும் மாறும். முழுதாகத் திருப்பினால் குழாய் டேங்கில் இடிக்கலாம். எனக்குப் பெரிய கவலை வடிவக்கணக்கு. ஃபோர்க் குட்டையானால் முன்பக்கம் தாழ்ந்து, கழுத்துக் கோணம் (ஸ்டீயரிங் தண்டின் சாய்வு) செங்குத்தாகி, டிரெயில் (அந்தத் தண்டின் கோட்டை நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) குறையும். வேகத்தில் கைப்பிடி உதறத் தொடங்கலாம். ஃபோர்க் குழாய்களைப் பிடிக்கும் கிளாம்பின் ஆஃப்செட் (ஸ்டீயரிங் தண்டிலிருந்து குழாய்கள் முன்னே தள்ளி நிற்கும் தூரம்) குறைந்தாலோ டிரெயில் கூடி, திருப்புவது கனக்கும். இவற்றை அளந்து பார்க்காமல் பொருத்துவது உயிரோடு விளையாடுவது.

பழைய ஃபோர்க்குக்குப் புதிய சீல், புஷ், ஓட்டுபவரின் எடைக்கேற்ற ஸ்பிரிங், சரியான ஆயில் போதும். டேம்பிங் ராடின் (ஃபோர்க்குக்குள் ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தண்டு) மேல் அமர்ந்து அந்த ஓட்டத்தை மேம்படுத்தும் எமுலேட்டர் வால்வையும் சேர்த்தால் குழிகளில் கைக்கு ஏறும் உதைப்பு நன்றாக அடங்கும். சாலையில் ஓட்டும் பைக்குக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். எஞ்சின் சக்தியைப் பெரிதாகக் கூட்டியவர்களுக்கும், குழாய் வளைந்து மாற்றுக் குழாய் கிடைக்காதவர்களுக்கும் மட்டுமே மாற்றுவது பொருந்தும்.