ஆர் மென்பொருளின் டி-சோதனைக் கட்டளை: ஒரு மதிப்புரை

இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிட நான் நாள்தோறும் பயன்படுத்துவது, ஆர் என்னும் இலவசப் புள்ளியியல் மென்பொருளில் உள்ள டி-சோதனைக் கட்டளை. ஒரு சராசரியிலிருந்து மற்றொன்றைக் கழிக்க எந்தக் கால்குலேட்டரும் போதும். கிடைத்த வித்தியாசத்தை எந்தச் சிதறலை (எண்கள் தம் சராசரியிலிருந்து விலகிப் பரவியிருக்கும் அளவை) கொண்டு எடைபோடுவது என்பதில்தான் கருவியின் தரம் தெரியும்.

நாம் எதுவும் குறிப்பிடாதபோது, இரு குழுக்களின் சிதறலும் சமம் என்று இக்கட்டளை கருதிக்கொள்வதில்லை. புள்ளியியலாளர் வெல்ச் 1947-இல் வெளியிட்ட முறைப்படி, ஒவ்வொரு குழுவின் விலக்க வர்க்கச் சராசரியையும் அக்குழுவின் எண்ணிக்கையால் தனித்தனியே வகுத்துக் கூட்டி, அதன் வர்க்கமூலத்தைத் திட்டப் பிழையாக, அதாவது சராசரி வித்தியாசம் தற்செயலாக எவ்வளவு ஏறி இறங்கலாம் என்பதன் அளவாக, கொள்கிறது. இரண்டையும் கலந்து ஒரே சிதறலாக்கும் பழைய முறையில், சிறிய குழு மிகவும் சிதறிக் கிடந்தாலும் பெரிய குழுவின் நெருக்கம் அதை மூடிவிடும். திட்டப் பிழை சுருங்கி, இல்லாத வித்தியாசமும் இருப்பதுபோல் தோன்றும். எனவே இந்த இயல்புநிலைத் தேர்வை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆர் மென்பொருளுடனேயே வரும் தூக்க மருந்துத் தரவை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் சிதறலின் வலிமை விளங்கும். 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய புள்ளியியலாளர் கோசெட் 1908-இல் ஆராய்ந்த இத்தரவில், இரு மருந்துகளால் கூடிய தூக்கத்தின் சராசரி 0.75 மணி, 2.33 மணி. தனித்தனிக் குழுக்களாகக் கொண்டால் திட்டப் பிழை ஏறத்தாழ 0.85, பி-மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு) 0.079. ஆனால் இரு மருந்துகளையும் உட்கொண்டவர்கள் அதே 10 பேர். முதல் மருந்தால் 1.6 மணி தூக்கம் இழந்தவருக்கு இரண்டாவது 0.8 மணி கூட்டியது, 3.7 மணி கூடியவருக்கு அது 5.5 ஆனது. ஒவ்வொருவரின் இரு அளவுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடும் இணைச் சோதனையால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை நீக்கினால் திட்டப் பிழை 0.39 ஆகக் குறைகிறது, பி-மதிப்பு 0.0028 ஆகிறது. சராசரி வித்தியாசம் இரண்டிலும் அதே 1.58தான்.

குறை என்று சொன்னால், கணித்த சிதறலை இக்கட்டளை திரையில் காட்டுவதில்லை. சராசரிகள் அச்சாகின்றன, சிதறலைக் காட்டும் திட்ட விலக்கங்களோ ஒவ்வொரு குழுவிலும் உள்ளவர்களின் எண்ணிக்கையோ வருவதில்லை. திட்டப் பிழையைக்கூட கட்டளை தரும் முடிவுத் தொகுப்புக்குள்ளிருந்து நாமே எடுக்க வேண்டும். புதிதாகக் கற்பவர் பி-மதிப்பை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிட இதுவே வழிவகுக்கிறது என்பது என் வருத்தம்.

இரண்டுக்கு மேற்பட்ட குழுக்களை ஒப்பிடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழுக்களின் சராசரிகளையெல்லாம் ஒருங்கே ஒப்பிடும் கட்டளையும் வெல்ச் வழியையே பின்பற்ற, குழுக்களை இரண்டிரண்டாக ஒப்பிடும் கட்டளையோ, நாம் தடுக்காவிட்டால், எல்லாக் குழுக்களின் சிதறலையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. ஒரே மென்பொருளுக்குள் இந்த முரண் இருக்கக் கூடாது. குழுக்களின் திட்ட விலக்கங்கள் வெகுவாக வேறுபட்டால், அந்தக் கலப்பை நிறுத்தும் தெரிவைக் கட்டளையிலேயே எழுதிவிடுங்கள்.