பழைய செவ்ரொலெட்டுக்கு வலுவூட்டிய 700ஆர்4 கியர்பாக்ஸ்

மூன்று கியர் கொண்ட டர்போ 350 தானியங்கி கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு, கூடுதல் சக்திக்கென வலுவூட்டி விற்கப்படும், நான்கு கியர் கொண்ட 700ஆர்4 தானியங்கி கியர்பாக்ஸைப் பொருத்தியதில் முதலில் தெரிவது புறப்படும் வேகம்தான். முதல் கியர் விகிதம் 2.52-லிருந்து 3.06-ஆக உயர்வதால், எஞ்சினைத் தொடாமலேயே சக்கரத்துக்குச் சுமார் 21 சதவீதம் அதிக முறுக்குவிசை கிடைக்கிறது. நான்காவது கியரின் 0.70 விகிதம் நெடுஞ்சாலையில் எஞ்சினின் இரைச்சலை வெகுவாகத் தணிக்கிறது. ஆனால் முதல் கியருக்கும் 1.63 விகிதமுள்ள இரண்டாம் கியருக்கும் இடையிலான பெரிய இடைவெளியில் வண்டி ஒரு கணம் சோர்வது எனக்குப் பிடிக்கவில்லை.

உள்ளே தடித்த சன் ஷெல்லும் (நடுப்பல்சக்கரத்தோடு இணைந்த உலோகக் கூடு) பெரிய சர்வோவும் (எண்ணெய் அழுத்தத்தால் கியர் பட்டையை இறுக்கும் பிஸ்டன்) இருப்பதால், இரண்டாம் கியர் வழுக்காமல் பளிச்சென்று விழுகிறது. குறை, உடன் வந்த குறிப்புத்தாளில்தான்: ஆக்சிலரேட்டரை மிதிப்பதற்கேற்ப கியர்பாக்ஸின் எண்ணெய் அழுத்தத்தை மாற்றும் த்ராட்டில் வால்வு கேபிள் தளர்ந்திருந்தால் எண்ணெய் அழுத்தம் குறைந்து கிளட்ச் தகடுகள் விரைவில் கருகிவிடும் என்ற நிலையில், அதைச் சரிசெய்யும் முறைக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறார்கள். கார்புரேட்டருக்கேற்ற கேபிள் தாங்கியைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் பின்னுக்கு நகர்த்த வேண்டியிருக்கும். எண்ணெய்க் குளிர்விப்பானையும் சேர்த்தே வாங்குவது நல்லது.