பலாலிக்குப் பறக்க மீனம்பாக்கமா, திருச்சியா?

யாழ்ப்பாணத்துக்கு (அதன் விமான நிலையம் பலாலி) இந்தியாவில் சென்னையிலிருந்து மட்டுமே விமானம் என்ற நிலை 2025 மார்ச் 30 அன்று மாறியது. திருச்சியிலிருந்தும் இண்டிகோ பறக்கத் தொடங்கியது. அதிலிருந்து பலரும் கேட்பது ஒன்றைத்தான்: எது சீக்கிரம் போகும்?

நேர்கோட்டில் அளந்தால் மீனம்பாக்கத்திலிருந்து பலாலி சுமார் 355 கி.மீ. திருச்சியிலிருந்து சுமார் 185 கி.மீ.தான். தூரம் ஏறக்குறைய பாதி, ஆனால் நேரம் பாதியாகவில்லை. சென்னையிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் என்றால், திருச்சியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

காரணம் எளிது. இரண்டு வழியிலும் பறப்பது ஏடிஆர் 72 என்ற சிறிய விமானம். அது மணிக்கு சுமார் 500 கி.மீ. வேகத்தில் போகும். அந்தக் கணக்கில் 185 கி.மீ.க்கு 22 நிமிடம், 355 கி.மீ.க்கு 43 நிமிடம் போதும். ஆனால் அட்டவணை நேரம் விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பதில்தான் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க வரிசைக்கு வருவது எல்லாம் எந்தத் தூரத்துக்கும் உண்டு. குறுகிய பயணத்தில் இவையே பாதிக்கு மேல் நேரத்தைத் தின்றுவிடும்.

ஆகவே வானத்தில் மிச்சமாகும் கால் மணி நேரத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். தரையைப் பாருங்கள். தஞ்சாவூர்க்காரருக்குத் திருச்சி விமான நிலையம் சுமார் ஒரு மணி நேரம். சென்னை என்றால் சாலையில் 340 கி.மீ., அதாவது ஒரு ராத்திரிப் பயணம். மதுரை, புதுக்கோட்டை, கரூர், கோவை எல்லாவற்றுக்கும் திருச்சிதான் என் பதில். விழுப்புரம்தான் எல்லைக்கோடு, அங்கிருந்து இரண்டும் ஏறக்குறைய சம தூரம். அதற்கு வடக்கே இருப்பவர்களும் புதுச்சேரிக்காரர்களும் சென்னைக்கே போகலாம். டெல்லி, மும்பையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்து மாறுபவர்களுக்கும் சென்னைதான் வசதி. மெட்ரோவும் விமான நிலையம் வரை வருகிறது.

அப்புறம், பலாலியில் இறங்கியபின் இரண்டும் ஒன்றுதான். கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, இரண்டு நாட்டிலும் ஒரே நேரம். யாழ் நகரம் 20 கி.மீ.க்குள்.

திருச்சி வழி எனக்குப் பெரிய விஷயமாகப் படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1947 டிசம்பரில் இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானையிலிருந்து, பலாலியை ஒட்டிய காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னை வந்தது. பிறகு இலங்கையின் உள்நாட்டுப் போர் அந்தத் தொடர்பை நீண்ட காலம் அறுத்தது. பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது 2019 அக்டோபரில். கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டும் பறந்தது. சொந்தபந்தங்கள் இரு கரையிலும் இருக்கும் டெல்டா மக்கள், எதிரே இருக்கும் ஊருக்குப் போக சென்னை வரை சுற்ற வேண்டியிருந்தது நியாயமே இல்லை.

கப்பலும் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 60 கடல் மைல், சுமார் நான்கு மணி நேரம். நாகை, காரைக்கால் பக்கம் வீடு இருந்து, கடலும் அமைதியாக இருந்தால் நல்ல வழிதான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதை நம்பித் திருமணத்துக்குக் கிளம்ப வேண்டாம். கொழும்பு வழி? அங்கே இறங்கி மேலும் 400 கி.மீ. வடக்கே போக வேண்டும். கொழும்பில் வேலை இருந்தால் மட்டும் சரி.