முதல் தொகுப்பு: சென்னைக்கா, நெல்லைக்கா?

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு முதல் கதைத் தொகுப்பைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் ஜனவரியைத்தான் குறிவைப்பார். பொங்கலை ஒட்டி வரும் சென்னைப் புத்தகக் காட்சியில் விமர்சகர்கள், வெளியூர்க் கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். ஆனால் டிசம்பரில் சிவகாசி அச்சகங்களில் காலண்டர், டைரி வேலை குவிந்து கிடக்கும். 144 பக்க டெமி அளவுப் புத்தகம் என்றால் 16 பக்கப் பாரம் (ஒரே தாளில் அச்சாகி மடியும் பக்கங்களின் கட்டு) 9. மை காயுமுன் மடித்தால் எதிர்ப்பக்கத்தில் கறை ஒட்டும். முதுகுப் பசை இறுகுமுன் கட்டிப் போட்டால் இரண்டாம் வாசிப்பில் தாள் உதிரும். அவசரத்தில் இரண்டுமே நடக்கும். அக்டோபருக்குள் மெய்ப்பு (அச்சுக்கு முந்தைய பிழைதிருத்தம்) முடியாவிட்டால் ஜனவரியை விட்டுவிடுங்கள்.

நெல்லைப் புத்தகத் திருவிழா மாவட்ட நிர்வாகம் நடத்துவது. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அறிவிப்பு வருமுன் அழைப்பிதழ் அடிக்காதீர்கள். கூட்டம் சிறிசு, ஆனால் வட்டார வழக்குக்கு அகராதி கேட்காத கூட்டம். பார்சல் கூலி, அறை வாடகை மிச்சம். 300 பிரதி மட்டும் அடிப்பவருக்கு இதுதான் சரி.

சென்னைதான் என்று முடிவெடுத்தால், டிசம்பரில் அச்சானாலும் முதல் பதிப்பு ஜனவரி என்றே போடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டாலுக்கு வரும்போதே அது ‘போன வருஷப் புத்தகம்’.