ஒட்டகச்சிவிங்கிக்கு கையால இலை குடுக்கலாம்னு 316 டாலர் வாங்கிட்டு ஏமாத்திட்டாங்க, புக் பண்றதுக்கு முன்னாடி இதப் படிங்க

இன்னும் ஆத்திரம் அடங்கல, அந்த வேகத்துலதான் டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. போனது 316 டாலர். தீம் பார்க்குல மேல தொறந்த ட்ரக்ல ஏத்திட்டுப் போய் ஒட்டகச்சிவிங்கிக்கு நம்ம கையாலயே இலை குடுக்க வெப்பாங்கல்ல, அந்த சஃபாரி டூர். ஆளுக்கு 79, நாலு பேருக்கு 316. பார்க் என்ட்ரி இதுல சேராது, அது தனி தண்டம்.

காச வாங்குனது பார்க் இல்லைங்க. நடுவுல உக்காந்து டூர் டிக்கெட் விக்கிற ஒரு ஆன்லைன் சைட். பேர் போடல, போட்டா போஸ்ட்டயே தூக்க வெச்சிடுவாங்க. சஃபாரின்னு தேடுனாலே விளம்பரமா முதல்ல வந்து நிக்கும், உள்ள போனா "இன்னும் 3 சீட்தான்"னு செவப்புல மினுக்கும், மறுநாள் போய்ப் பாத்தாலும் அதே 3 சீட்தான் இருக்கும், அந்த ரகம்.

காசு கட்டுறதுக்கு முன்னாடி சாட்ல போய் எல்லாத்தையும் கேட்டேன். சின்னவனுக்கு 4 வயசு, ஏத்துவாங்களா? ஒட்டகச்சிவிங்கி கிட்ட வருமா, இல்ல தூரத்துல நின்னுட்டு போயிடுமா? உடனே பதில் வந்துச்சு, பாட் மாதிரி இல்ல, பேசுற மனுஷன் மாதிரி. மேடம் கவலையே படாதீங்க, பையன் பேரு என்ன, வயசெல்லாம் பிரச்சனையே இல்ல, அவனுக்கு ட்ரக்ல முன்னாடி ஓரத்துல இடம் போட்டு வெக்கச் சொல்லிடறேன், 100% இலை குடுக்கலாம், கழுத்தக் கட்டிப்பிடிச்சு போட்டோவே எடுக்கலாம்னு. கூடவே ஒரு படம் அனுப்புனான். கருநீலமா ஒரு நாக்கு கீரை இலையச் சுத்தி வளைச்சிருக்கு, கீழ ஒரு சின்னக் கை, பின்னாடி வாயப் பொளந்துகிட்டு ஒரு பொடிசு. அத என் பையன் பாத்துட்டான், அன்னைலேர்ந்து வீட்டுல நாக்க நீட்டிக்கிட்டே திரியுறான். பையன் பேரக் கேட்டு எழுதிக்கிட்டான் பாருங்க, அங்கதான் நான் நம்புனேன். கார்ட எடுத்து 316ஐயும் கட்டிட்டேன்.

வவுச்சர் மெயில் வந்துச்சு, பார்கோட் எல்லாம் போட்டு சூப்பரா. அதுல, வீட்டுலேர்ந்து கேரட், பழம் கொண்டு வந்தா ஒட்டகச்சிவிங்கிக்கு ரொம்பப் பிடிக்கும்னு வேற ஒரு வரி. இதப் பத்தி பின்னாடி சொல்றேன்.

பார்க்குல சஃபாரிக்குன்னு தனி கவுண்டர். அங்க இருந்த பொண்ணு பார்கோட ஸ்கேன் பண்ணுது, விழல. போன் வெளிச்சத்தக் கூட்டி மறுபடி பண்ணுது, விழல. லிஸ்ட்ல பேரு தேடுது, என் பேரு, அவரு பேரு, எதுவும் இல்ல. அப்புறம்தான் மெதுவா சொல்லுது, ஒவ்வொரு ட்ரக்குக்கும் சீட் கணக்கு, எங்க சிஸ்டத்துல பேரு இருந்தாத்தான் ஏத்துவோம், இந்த சைட்டுக்கு நாங்க டிக்கெட்டே குடுக்குறது இல்ல, இன்னைக்கு எல்லா ட்ரக்கும் ஃபுல்லுன்னு. தம்பிக்கு என்ன வயசுன்னு கேட்டுட்டு, 5 வயசுக்குக் கீழ இந்த ட்ரக்ல எப்பவுமே ஏத்த மாட்டோமேன்னு அதையும் சொல்லுச்சு. அதாவது சீட்டே போட்டிருந்தாலும் அவன் கீழதான் நின்னிருப்பான். இத்தனைக்கும் வயசக் கேட்டுட்டு பிரச்சனையே இல்லன்னு சொன்னவன் அந்த சாட்காரன்! அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல, பாவம், நான் கேட்டதும் "இந்த வவுச்சர் எங்களுது இல்ல, பேர் பட்டியல்ல இல்ல"ன்னு ஒரு சீட்டுல எழுதி பார்க் முத்திரையும் குத்திக் குடுத்துச்சு.

பசங்க அழுகையத் தாங்க முடியாம வேலி ஓரமா கூட்டிட்டுப் போய் நின்னோம். அங்கேர்ந்து நல்லாவே தெரியுது. ட்ரக் வந்து நிக்குது, ஆளுக்கு ரெண்டு மூணு கீரை இலை. காம்ப விரல் நுனியில இறுக்கிப் பிடிங்க, லேசா விட்டா கீழ விழுந்துடும்னு கைட் சொல்றாரு. ஒட்டகச்சிவிங்கி வந்து முதல்ல மேலுதட்டால தடவிப் பாக்குது, அப்புறம் நாக்கு வருது, ஒன்றரை அடி இருக்கும்ங்க, இலையச் சுத்தி வளைச்சு ஒரே உருவு. மேல்தாடையில முன்பல்லே கிடையாதாம், அதனால கடிச்சுடும்னு பயப்பட வேண்டாம்ங்குறாரு, ஆனா தலையத் தொட எவனையும் விடல. யாரோ ஒருத்தர் கொம்பத் தொடக் கைய நீட்டவும் கைட் சட்டுனு தடுத்துட்டாரு, அதுக்குப் பிடிக்காது, தலைய ஒரு வீசு வீசுச்சுன்னா நமக்குத்தான் அடின்னு. கழுத்தக் கட்டிப்பிடிச்சு போட்டோவாம், போட்டோ! அடுத்த ட்ரக் வந்தப்போ ஒண்ணுகூட கிட்ட வரல, தூரத்துல மர நிழல்ல அசை போட்டுக்கிட்டு நின்னுச்சுங்க. வந்தா குடுக்கலாம், வரலைன்னா இல்ல, நாங்க விரட்டிட்டு வர மாட்டோம்னு அவங்க டூர் ஆரம்பிக்கும்போதே சொல்லிடறாங்களாம். 100% கேரண்டின்னு ஒருத்தன் விக்கிறான்னா அவன் அந்தப் பக்கமே எட்டிப் பாத்ததில்லன்னு அர்த்தம்.

இனிமேதான் கூத்தே. கஸ்டமர் கேர்ல முதல்ல "24 மணி நேரத்துல தொடர்பு கொள்வோம்"னு ஒரு மெயில். அப்புறம் "உங்க கோரிக்கை பரிசீலனையில் உள்ளது". அப்புறம் "பார்க்கைக் கேளுங்க". கேட்டாச்சுடா, அவங்க எழுதியே குடுத்துட்டாங்கன்னு சீட்ட போட்டோ எடுத்து அனுப்புனா, கையால எழுதுனத ஏத்துக்க மாட்டாங்களாம். கடைசியா வந்த பதில் இருக்கே, அதப் படிச்சப்போதான் எனக்கு ரத்தம் கொதிச்சுச்சு, நாங்க குறிச்ச நேரத்துக்கு வரவே இல்லன்னு எங்கள "நோ ஷோ"ல போட்டிருக்காங்க, அதனால ரீஃபண்ட் கிடையாதாம்! கவுண்டர்ல நின்ன எங்கள வரவே இல்லன்றான். போனாப் போகுதுன்னு அடுத்த டூருக்கு 40 டாலர் கூப்பன் தர்றாங்களாம். 316ஐ முழுங்கிட்டு 40ஆ? அதையும் அவங்க சைட்லயே செலவு பண்ணணுமாம். சாட்ல பையன் பேரக் கேட்ட அந்த மகராசன் "இப்போது பணியில் இல்லை".

புக் பண்ற ஐடியால இருக்கறவங்களுக்கு விலாவாரியா சொல்லணும்னுதான் உக்காந்தேன், இப்ப தலை வலிக்குது, சுருக்கமா சொல்றேன். பார்க்கோட சொந்த சைட்லயோ பார்க் கவுண்டர்லயோ மட்டும் வாங்குங்க. வேற எங்கயாவது வாங்கிட்டீங்கன்னா, கிளம்புறதுக்கு முன்னாடியே பார்க்குக்கு போன் போட்டு உங்க பேரு லிஸ்ட்ல இருக்கான்னு கேட்டுடுங்க. குழந்தையோட வயசு வரம்பயும் அவங்க கிட்டயே கேளுங்க. மழை இடின்னா ட்ரக் போகாது, அதுக்குக் காசு திரும்ப வருமான்னும் கேட்டு வெச்சுக்கோங்க. அப்புறம் அந்த கேரட் விஷயம், தயவுசெஞ்சு எதையும் கொண்டு போய் நீட்டாதீங்க, அது மாடு மாதிரி அசை போடுற ஜாதி, இனிப்பு மாவுன்னு கண்டது போனா வயிறு கெட்டுடும், அவங்க கையில குடுக்குறது மட்டும்தான் குடுக்கணும். அவ்ளோதான், வேற எதுவும் இப்ப தோணல.

பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டாச்சு, அதாவது கார்டுல போன காசத் திருப்பிக் கேட்டு புகார். கையால எழுதுனதுன்னு இவங்க தள்ளுன அந்த சீட்டத்தான் பேங்க்ல முதல் ஆதாரமா வாங்கிக்கிட்டாங்க. இதே மாதிரி சைட்ல யாராவது காசு கட்டியிருந்தா சாட்ட இப்பவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, என்னோடத நேத்து தேடுறேன், பாதி மெசேஜக் காணோம்.